டெல்மரின் வலது பக்கம்

கூடத்தில் டமால் என்று சத்தம் கேட்டதும், புட்டிங்குக்கு வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த என் அக்கா வெர்லீன் கையை நிறுத்தினாள்.

"விளக்கா?" என்றேன்.

"விளக்குதான். சோபாவுக்கு வலது பக்கம் எதையும் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது நேடீன்!"

இந்த வருஷத்தில் அது நான்காவது விளக்கு. "இந்தப் பூனை இருக்கே, சனியன்!" என்று என் அத்தான் டெல்மர் ஹூட்ஸ் வந்தவரிடம் மழுப்புவது கேட்டது. எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

வந்திருந்தவர் ராய்ஸ் ஆப்ஷர். ஐந்து ரேஸ் கார்களுக்குச் சொந்தக்காரர். சர்ச்சிலிருந்து டையைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றால் சாதாரண விஷயமில்லை.

டெல்மரைப் பற்றி எங்கள் வடக்கு கரோலைனா மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். வாரம் முழுக்கக் கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளுகிறவர், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் புலி. சுவர் ஓரமாக எவனையும் முந்த விடாத கல்நெஞ்சுக்காரர். அந்தப் புலிக்கு ஒரு கண்தான் தெரியும் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

மற்ற ஓட்டுநர்கள் தீயில் வெந்தும் விபத்தில் உடைந்தும் வீரத் தழும்பு வாங்குவார்கள். டெல்மரின் வலது கண்ணைக் கொத்திக் கெடுத்தது ஒரு பண்ணைச் சேவல். பார்வைதான் போனது, கண் பழைய அழகோடே இருந்தது. அந்தச் சேவலையே அக்கா மாவுருண்டை போட்டுச் சமைத்து, அழுதுகொண்டே பரிமாறினாள். டெல்மர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ரேஸை விடமாட்டேன் என்றார். காரில் இருக்கும் அவருக்கு வழி சொல்ல, அக்கா ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் ஏறினாள். அப்போது அவர் ஓட்டியது மண் பாதையில். பத்துச் சுற்று முடிவதற்குள் புழுதியில் அவளுக்கே கண் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு குருடு போதும் என்று சொல்லி, பொருட்காட்சித் திடலின் அரை மைல் தார்ப் பாதைக்கு அவரை இழுத்துப் போனாள். அது சாப்பாட்டுக் கிண்ணம் மாதிரி. மேலே நின்றால் முழுசும் தெரியும். எல்லாக் காரும் இடது பக்கமே திரும்பும். வலது பக்கம் சுவர், அதை ஒட்டி எவனாவது வந்தால் அக்கா சொல்லிவிடுவாள்: "வெளியே ஒருத்தன்... இன்னும் இருக்கான்... ஒழிஞ்சான், சுவரோரம் ஏறு!"

அந்தக் குரல்தான் பதினோரு வருஷமாக டெல்மரின் வலது கண்.

நடுவில் ஒரு முறை இரண்டரை மைல் ராட்சசப் பாதையில் ஓட்ட அழைப்பு வந்தது. அக்கா தொலைநோக்கியோடு போய்ப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் நாற்பது கார்கள் எறும்பு வரிசையாகப் போயின. அதில் எந்த எறும்பு தன் புருஷனாக இருக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. டெல்மர் முதுகுவலி என்று சொல்லி மறுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க இருந்தார்.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

"என் டிரைவர் தோள் எலும்பை உடைச்சிக்கிட்டான்," என்றார் ராய்ஸ். "ரெண்டு வாரத்துல வர்ஜீனியாவுல பெரிய ரேஸ். என் காரை நீ ஓட்டு. டிவியில காட்டுவாங்கய்யா!"

டெல்மரின் முகம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்தது. புட்டிங்கோடு வந்த அக்கா வழக்கமாக அவருக்கு வலது பக்கம்தான் உட்காருவாள். அன்று அங்கே உடைந்த விளக்கு கிடந்ததால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது எந்த மாதிரிப் பாதை அண்ணே?"

"ரோடு கோர்ஸ் தங்கச்சி. பதினேழு வளைவு. இடது, வலது, ஏத்தம், இறக்கம்."

"மேலே நின்னா முழுசும் தெரியுமா?"

"கழுகுக்கே தெரியாது. ஆறு இடத்துல ஆறு பேரை நிறுத்துவேன். நடுவுல மரத்துக்குள்ள கொஞ்ச தூரம் யாராலயும் பார்க்க முடியாது. அங்க ஆண்டவன் பார்த்துப்பார்."

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "போ டெல்மர்," என்றாள். "இன்னும் எத்தனை நாள் குழாயைத் திறந்துவிட்டு அழுவே?"

அவள் அதைக் கேட்டிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ராய்ஸ் எழுந்து, பையிலிருந்து புதுக் கையுறைகளை எடுத்து டெல்மரின் வலது பக்கமாக நீட்டினார். டெல்மர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை அந்தரத்தில் நின்றது. அக்கா இரண்டு தரம் இருமினாள். வலது பக்கம் பார் என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

டெல்மரின் கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது.

"இருமாதே வெர்லீன். மரத்துக்குள்ள யாரு இருமுவா?" என்றார். "அண்ணே, எனக்கு வலது கண்ணு தெரியாது. பதினோரு வருஷமாச்சு."

 ராய்ஸ் திடல் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சனிக்கிழமைப் புலி நிரந்தரமாகத் தீவனம்தான் அள்ளவேண்டும்.

ராய்ஸின் முகம் தக்காளியாகிவிட்டது. "என் மூணு காரைச் சுவத்துல தேய்ச்சியேடா! என்ன தைரியம், வழியே விடமாட்டேங்கிறானேன்னு உன்னைக் கும்பிட்டேன்யா நான்! நீ பார்க்கவே இல்லையா?"

"வெளியே ஆள் இருந்தா இவ சொல்லுவா அண்ணே. இவ சொல்லல."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க முதல் கார்ல வந்தவன் இவரைக் கோழிப்பீன்னான். ரெண்டாவது ஆள் என் புட்டிங்கை வாயில வச்சுட்டுத் துப்பினான்."

"மூணாவது?"

"அது சும்மா. பழக்கமாயிடுச்சு."

ராய்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறி அவர் இரண்டு தரம் இரும, டெல்மர் சட்டென்று வலது பக்கம் திரும்பினார். அதைப் பார்த்து ராய்ஸுக்குச் சிரிப்பு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வெளியே சொல்லமாட்டேன்," என்று கையுறையைப் பையில் திணித்தார். "ஒத்தைக் கண்ணன்கிட்ட பதினோரு வருஷம் தோத்தேன்னு தெரிஞ்சா என் மானமில்ல போகும்!"

டெல்மர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக்கொண்டே போய் அவருடைய வலது பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருவரும் விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள்.

"தங்கச்சி, சனிக்கிழமை என் கார் வெளியே வந்தா சொல்லித் தொலைம்மா," என்றார் ராய்ஸ், தொப்பியை மாட்டியபடி.

"உங்காளு மரியாதையா நடந்துக்கட்டும், பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.