வெள்ளைத் திட்டு எந்தக் கண்ணில்?

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் பழுப்புப் பெயிண்ட். மடியில் திறந்த அட்டைப்பெட்டி, அதற்குள் முழ உயரத்தில் ஒரு ரெசின் குதிரை பொம்மை. நிமிஷத்துக்கு ஒரு தரம் அதன் வயிற்றை விரல் நுனியால் தொட்டு, ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

“சாரல்ல பெயிண்ட் காயவே மாட்டேங்கு அண்ணாச்சி. வாங்குதவரு கொல்லத்துல இருந்து ரயில்ல வாராரு. தென்காசியில வண்டி நிக்க ரெண்டு நிமிசத்துல கையில குடுக்கணும். அவரு வளத்த குதிர செத்துப்போச்சாம். அதே மாதிரி வேணும்னாரு.”

வாங்குகிறவர் அனுப்பிய படத்தைப் போனில் காட்டினார். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த செல்பி. குதிரைக்கு ஒரு கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டு. அவருடைய பனியனில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தன.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “இது எடம் வலம் மாறின படமுல்லாம்மா?”

அந்த அம்மா எழுத்துகளையே உற்றுப் பார்த்தார். “அப்போ திட்டு மத்தக் கண்ணுலயா? நான் படத்துல உள்ளபடில்லா போட்டுருக்கேன்.”

கேட்டுவிட நினைத்து மூன்று தடவை போன் போட்டார். ரயில் மலைக்குள் வந்துகொண்டிருந்திருக்கும், கிடைக்கவில்லை. பாதி வழியில், மேலகரத்தில், பெட்டியோடு எழுந்துவிட்டார்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு, மாத்திருதேன். நல்லவேள சொன்னீய” என்றார். முந்தானையால் பெட்டியை மூடிக்கொண்டு குற்றாலம் திரும்பும் எதிர்ப்பக்க பஸ்ஸை நோக்கி ஓடினார்.

காயாத பெயிண்டை நினைத்தால், நான் பேசாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் திட்டு கண் மாறியிருந்தால், தன் குதிரையின் முகம் அந்த மனிதருக்குத் தெரியாமலா போயிருக்கும்?