ஐஸ் புத்தகத்தில் ஒரு பச்சைக் கோடு

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போனேன். மண்டப வாசலில் ஒரு பெண்பிள்ளை பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், நேம் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். என் பெயருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தாள். "ஓகே, முடிஞ்சுது. ரேபிள் பதினாலு." எண்பதை எட்டிப் பார்க்கிற ஒருவனிடம் கோட்டைப் போட்டுவிட்டு முடிந்தது என்று சொல்லலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பிழையும் இல்லை. வந்தவரை வெட்டு என்பதுதான் முறை. அந்த முறையை அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கழிப்பறைக்குப் போகிற வழியில் கம்பளம் முடிந்து பழைய சீமெந்துத் தரை தொடங்கியது. அதில் தேய்ந்துபோன மஞ்சள் கோடு ஒன்று. சுவரிலிருந்து ஈரமான கடதாசிப் பெட்டியின் மணம். முகப்பில் நான்கு வெள்ளைத் தூண்களை நிறுத்தி, கூரையில் கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தாலும் அந்த மணம் போகவில்லை. அங்கே நின்றபோதுதான் கட்டடத்தை அடையாளம் கண்டேன். தொண்ணூறுகளில் மூன்று வருடம் நான் வேலை செய்த கோப்புக் களஞ்சியம் இதுதான்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். பெரிய கொம்பனிகள் தங்கள் பழைய கடதாசிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பும். நாங்கள் அடுக்கி வைப்போம். பெட்டிக்கு வெளியே ஓர் அழிக்கும் திகதி இருக்கும். அந்தத் திகதி வந்ததும் கம்பி, கிளிப் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு அரைக்கிற இயந்திரத்துக்குக் கொடுப்போம். ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் என்னைப் பதிவுகளைச் சரிபார்க்கிற மேசையில் இருத்தினார்கள். மற்றவர்கள் குளிரில் பெட்டி தூக்கினார்கள். நான் குளிரில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பெயர் பதவி உயர்வு.

ஊரில் நான் தலைமன்னார்த் துறையில் ரயில் எழுதுவினைஞன். ரயில் கடலுக்குள் நீண்ட மேடைவரை வரும். சனம் இறங்கி இந்தியாவுக்குக் கப்பல் ஏறும். ரயிலால் இறங்கியவரின் தொகையும் கப்பலில் ஏறியவரின் தொகையும் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் நகராது. பட்டியலில் ஒரு பெயர் வெட்டப்படாமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. நாட்டில் பிரச்சினை தொடங்கிக் கப்பல் நின்றது. பிறகு ரயிலும் நின்றது. பெயர்களை வெட்டுகிற பழக்கம் மட்டும் என்னோடு விமானமேறிக் கனடாவுக்கு வந்துவிட்டது.

ஒரு மாரிக் குளிரில் ரயில் கொம்பனியொன்றின் பெட்டிகள் வந்தன. அந்தக் கொம்பனி முன்னொரு காலத்தில் ஒரு பெரிய ஏரிக்குக் குறுக்கே கப்பல் ஓட்டியது. ஆட்களை ஏற்றுகிற கப்பல் அல்ல, ரயில் பெட்டிகளை ஏற்றுகிற கப்பல். பின்பக்கம் திறந்திருக்கும். தளத்தின் மேல் நான்கு வரிசைத் தண்டவாளம். கரையிலிருந்து ஒரு தூக்குப்பாலத்தை இறக்கி, தண்டவாளத்தோடு தண்டவாளத்தைப் பொருத்தி, நிலக்கரிப் பெட்டிகளை இயந்திரத்தால் உள்ளே தள்ளுவார்கள். முதலில் நடுவிலுள்ள இரண்டு வரிசை. பிறகு இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பிவிட்டு மற்றப் பக்கம் போனால் கப்பல் சரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் சங்கிலியால் தளத்தோடு கட்டுவார்கள். இவ்வளவும் ஒரு கையேட்டில் இலக்கமிட்டு எழுதியிருந்தது. கள்ளமாக இரண்டு தரம் வாசித்தேன். அவ்வளவு ஒழுங்கான ஒன்றை ஊரை விட்டு வந்தபிறகு நான் கண்டதில்லை.

மாரியிலும் அந்தக் கப்பல் நிற்காது. பனிக்கட்டியை இடித்துக்கொண்டே போகும். இடிக்க முடியாத இடத்தில் இறுகி நிற்கும், சில வேளை நாள்கணக்கில். அப்போது ஆட்கள் கோடரியும் கம்புமாக ஏரியின் மேல் இறங்கிக் கப்பலைச் சுற்றி வெட்டுவார்கள். இறங்குகிறவனின் பெயரைக் கப்பலின் துணை அதிகாரி ஒரு சிறிய கறுப்புப் புத்தகத்தில் எழுதுவார். திரும்பி ஏறினால் வெட்டுவார். அதற்கு ஐஸ் புத்தகம் என்று பெயர். பக்கம் பக்கமாக வெட்டிய பெயர்கள். நாங்கள் தலைமன்னாரில் செய்தது போலவே. ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் என் சொந்தக்காரனைக் கண்டதுபோல் இருந்தது.

தெருக்கள் போட்டு லொறிகள் ஓடத் தொடங்கியதும் கப்பலை இரும்பு விலைக்கு விற்றார்களாம். பெட்டிகளில் பாதி, பழம்பொருள் வைக்கிற ஒரு நூதனசாலைக்குப் போக வேண்டும், மீதி இயந்திரத்துக்கு. நூதனசாலைக்குப் போவதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு கேள்வி: முடிவுறாத பதிவுகள் உண்டா? உண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று பிரதி எழுத வேண்டும்.

ஐஸ் புத்தகம் முழுவதிலும் ஒரேயொரு பெயர் வெட்டப்படாமல் இருந்தது. எட்வின் கார்வர், கரி தள்ளுபவர்; கப்பல் அடுப்புக்குக் கரி கொடுக்கிற ஆள்.

அதிகாரி மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தலைமன்னாரில் கணக்குப் பார்க்க வருகிறவர் பச்சைப் பேனையில்தான் குறி போடுவார். கனடாவில் அந்தப் பதவியை எனக்கு நானே கொடுத்து, ஒரு பச்சைப் பேனை வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்தேன். அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டேன். முடிவுறாத பதிவுகள்: இல்லை. அன்றைக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

இந்த இடத்தில் றெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அதே களஞ்சியத்தில் பெட்டி தூக்கினாள். அவளுடைய புருஷன் அந்தோனி சனத்தை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் படகு விட்டவன். ஒரு நாள் போனான், வரவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு நான்தான் குடிவரவுப் படிவம் நிரப்பினேன். அவளுடையதையும் நிரப்பினேன். மணமானவர், பிரிந்தவர், விதவை என்று பெட்டிகள் இருந்தன. கடலுக்குப் போனவர் என்று ஒரு பெட்டி இல்லை. மணமானவர் என்றால் புருஷன் எங்கே என்று கேட்பார்கள். விசாரணை நீளும். நான் விதவையில் சரி போட்டுவிட்டு, எதில் போட்டேன் என்று சொல்லாமல் கையெழுத்து வாங்கினேன். அவளுக்குத் தெரியவந்தபோது அலுவல் முடிந்துவிட்டது.

"என்னைக் கேளாமல் ஆரண்ணை உந்தச் சரியைப் போட்டது?"

"நான்தான். கெதியா முடியட்டும் எண்டு போட்டனான்."

"நாளைக்கு அவர் வந்து நிண்டா? ஸ்பொன்சர் செய்ய ஏலுமோ? செத்தவரை எப்பிடியண்ணை கூப்பிடுறது?"

"வந்தாப் பாப்பம்."

"வந்தாவோ?" என்றாள். அதன்பிறகு இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோதும் பழைய மாதிரி இல்லை.

ஐஸ் புத்தகம் நூதனசாலைக்குப் போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது மிஸ் கார்வர் வந்தார். எண்பது வயதிருக்கும். கொம்பனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வந்திருந்தார். எட்வின் அவருடைய அண்ணன். கப்பல் அக்கரை சேர்ந்தபோது ஆள் இல்லை. சொல்லாமல் இறங்கி ஓடிவிட்டான் என்று கொம்பனி கடிதம் எழுதியது. தகப்பன் அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்றார். தாய் சாகும்வரை சொல்லவில்லை. இவ்வளவையும் மிஸ் கார்வர் கையுறையைக் கழற்றியபடி, காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அண்மையில், கப்பலில் வேலை செய்த ஒரு கிழவர் சாகிற தறுவாயில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். உன் அண்ணன் ஓடவில்லை, ஐசுக்கு இறங்கினவன் ஏறவில்லை, புத்தகத்தைப் பார், அவன் பெயரை ஒருவரும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து வைத்தேன். அதுவும் முறைதான். பார்வையாளர் தானாகப் பக்கம் புரட்டக்கூடாது.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். "வெட்டியிருக்கிறதே," என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் கோடு ஏன் வேறு நிறமாக இருக்கிறது?" என்று கேட்டார்.

என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எனக்கு வேலைக் கடிதம் தேவை. வாடிக்கையாளரின் பதிவில் கைவைத்தால் வேலை போகும். அந்த விதியின் இலக்கம்கூட எனக்குத் தெரியும். "பழைய மை சில வேளை நிறம் மாறும், மேடம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்படியானால் கப்பலுக்குத் திரும்பி வந்திருக்கிறான். அப்பா சொன்னதுதான் சரி," என்று புத்தகத்தைத் தானே மூடினார்.

வாசலடியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பனிச் சப்பாத்துகளைப் போடத் தொடங்கினார். விரல்கள் வளையவில்லை. நாடாவைக் கட்ட நேரமெடுத்தது. மேசைக்குப் பக்கத்தில் றெஜினா பெட்டியொன்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, அது உங்கட பச்சை."

"சத்தம் போடாதேங்கோ."

"அவவுக்குத் தமிழ் விளங்காது. விளங்கினா நல்லது. போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? வேலை போயிடும், றெஜினா. என்ர பிள்ளையள்..."

"ஒரு சப்பாத்துப் போட்டு முடிஞ்சுது. மற்றதையும் போட முந்திச் சொல்லுங்கோ."

மிஸ் கார்வர் இரண்டாவது சப்பாத்தையும் கட்டினார். எழுந்தார். எனக்கு நன்றி சொன்னார். கதவு திறந்தபோது குளிர் உள்ளே வந்தது.

"உங்களுக்குச் சனத்தை வெட்டுறதெண்டா நல்ல விருப்பம்," என்று சொல்லிவிட்டு றெஜினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்குத் துணிச்சல் வர ஐந்து நாள் எடுத்தது. அதுவும் கடிதமாகத்தான் வந்தது. கோடு என்னுடையது, நான் போடுவதற்கு முன் அந்தப் பெயரில் கோடு இல்லை என்று மூன்று பிரதி எழுதினேன். ஒன்று கொம்பனிக்கு, ஒன்று, புத்தகத்தோடு சேர்த்து நூதனசாலைக்கு அனுப்பச் சொல்லிக் களஞ்சியத்துக்கு, ஒன்று மிஸ் கார்வருக்கு. களஞ்சியம் என்னை விதிப்படி வேலையிலிருந்து நிறுத்தியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் குடும்பம் வந்து சேர மேலும் இரண்டு வருடம் பிடித்தது. கொம்பனி நான்கு வரி எழுதியது: பதிவு பின்னாளில் மாற்றப்பட்டிருப்பதால் அதை எதற்கும் ஆதாரமாகக் கொள்ள முடியாது, பழைய முடிவு அப்படியே நிற்கும். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மிஸ் கார்வர் தொலைபேசியில் கூப்பிட்டார். "முன்பு கோடு இருக்கவில்லை என்பது உங்களுக்கு நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயம், மேடம்."

"கோடு போட்டபோதும் உங்களுக்கு நிச்சயமாகத்தானே இருந்திருக்கும்?"

கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணனின் படத்தைத் திரும்ப மாட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

றெஜினாவின் படிவத்தையும் திருத்தித் தரும்படி எழுதிப் போட்டேன். விதவை என்பதை மாற்ற வேண்டுமானால் கணவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அத்தாட்சி இருந்தா நான் ஏனண்ணை கனடாவில பெட்டி தூக்குறன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது அவள் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறாள். அன்றைய கலியாணத்துக்கும் வந்திருந்தாள். வாசல் பட்டியலில் என் பெயருக்குக் கீழே, "றெஜினா அந்தோனி, இரண்டு பேர்" என்று இருந்தது. எந்த அழைப்புக்கும் அவள் இரண்டு என்றுதான் சொல்வாள். பழகியவர்கள் ஒரு கதிரையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பரிமாறுகிற பொடியன் புதியவன். அந்தக் கதிரையைத் தூக்கப் போனான். "விடு தம்பி, ஆள் வரும்," என்றாள். எதிரே இருந்த என்னை அப்போது அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது அவளுடைய நல்ல மனம்.

வீட்டுக்கு வந்து, நூதனசாலையின் இணையத்தளத்தைப் பேத்தியைக் கொண்டு திறந்து பார்த்தேன். ஐஸ் புத்தகம் இருந்தது. கப்பல் பகுதிக் கடதாசிகள் எல்லாவற்றையும் கணினியில் படமாக ஏற்றிவிட்டார்களாம். மூலப் பிரதிகள் நனைந்து பூஞ்சணம் பிடித்ததால், படமெடுத்தபின் முறைப்படி அழித்துவிட்டார்களாம். புத்தகத்தோடு நான் சேர்த்து அனுப்பச் சொன்ன கடிதம் அங்கே இல்லை.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். படம் கறுப்பு வெள்ளை. முப்பது பெயர், முப்பது கோடு. எல்லாம் ஒரே கறுப்பு. என் கோடு எது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. மற்றவற்றைவிட அது நேராக இருந்தது, அதனால்தான் பிடித்தேன்.

"என்ன தாத்தா தேடுறீங்கள்?" என்று பேத்தி கேட்டாள்.

"ஒரு பச்சை நிறம்."

"இதில கலரே இல்லை, தாத்தா."

கப்பல் இரும்பாகப் போய்விட்டது. களஞ்சியம் கலியாண மண்டபமாகிவிட்டது. மிஸ் கார்வர் இன்றைக்கு இருக்க வழியில்லை. அந்தக் கோடு பச்சை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி என்னோடு அதைப்பற்றிக் கதைப்பதில்லை. மற்றவனுக்கு வயது போகிறது. அதனால் ஒரேயொரு பிரதி, இங்கே எழுதி வைக்கிறேன். கரி தள்ளுபவர் எட்வின் கார்வர் ஐசுக்கு இறங்கினார். திரும்பி ஏறியதற்குப் பதிவு இல்லை.