என் தங்கை கணவனின் முதுகுவலி

என் தங்கை மணிமொழியின் கணவன் வளவனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கல்யாணமான மறு வருஷமே, இருபத்தாறு வயதில், முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தவன் அவன். காலையில் எழுந்து உட்காரவே அரை மணி நேரம் ஆகும். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அதற்கும் பத்து மணிக்குத்தான் போவான். கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கக் கூப்பிட்டால், குனிய முடியாது என்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலமானால் இந்தத் துரை கிரிவலம் கிளம்பிவிடுவார். பதினான்கு கிலோமீட்டர்! போகும்போது இழுத்து இழுத்து நடப்பவன், திரும்பும்போது நன்றாக நடந்து வருவான். "நடந்தா நல்லா இருக்கு மச்சான்" என்று என்னிடமே சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான், உடம்போடு திரும்பித்தான் பார்ப்பான். அவ்வளவு திமிர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

பத்து வருஷம் பார்த்தேன். போன ஆவணியில் ஒரு முடிவுக்கு வந்தேன். எலும்பு டாக்டரிடம் காட்டி, இவனுக்கு ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, தங்கையைப் பிரித்து எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவது.

"டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா, நீ எங்கூட வந்துடணும்" என்றேன் அவளிடம். அவள் தலையாட்டினாள்.

எலும்பு டாக்டர் ஜீஷானிடம் மூவரும் போனோம். அவரை வாய் திறக்கவே நான் விடவில்லை. "காலையில எழுந்திருக்க மாட்டான் சார். சாயந்தரம் மலையச் சுத்துவான். கூப்பிட்டா தலையத் திருப்பக்கூட மாட்டான். கேட்டா எலும்புத் தேய்மானம்னு கதை விடுறான்."

அவர் வளவனைச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார். குதிகால் ஒட்டியது. பின்னந்தலை சுவரைத் தொடவில்லை, நான்கு விரல் இடைவெளி இருந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"இது தேய்மானம் இல்லைங்க. மூட்டுல அழற்சி வந்து, எலும்போட எலும்பு ஒட்டிக்கிற வியாதி. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு பேரு. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேர்ற மூட்டு இங்க இருக்கணும், அந்த இடைவெளியே காணோம் பாருங்க. மேல முள்ளெலும்பெல்லாம் ஒட்டி மூங்கில் கழி மாதிரி ஆயிடுச்சு. கழுத்து வரைக்கும் வந்துட்டுது, தலைய எப்படித் திருப்புவாரு? இதுல படுத்தா வலி ஜாஸ்தி, நடந்தா கம்மி. நீங்க குத்தமாச் சொன்னீங்களே, அதெல்லாம்தான் இந்த வியாதிக்கு அடையாளம்."

"சரியாயிடுமா சார்?" என்று மணிமொழி கேட்டாள்.

"ஒட்டினது ஒட்டினதுதாம்மா. மிச்சத்த மருந்து, உடற்பயிற்சியில காப்பாத்தப் பாக்கலாம். ஆரம்பத்துலயே ஏன் காட்டல?"

கல்யாணமான மூன்றாம் வருஷம் வேலூருக்குப் போய்க் காட்டலாம் என்று இருவரும் கிளம்பி நின்றார்கள். "நடிப்புக்கு எக்ஸ்ரே வேறயா?" என்று சிரித்துத் தடுத்தவன் நான்தான். வளவன் அதைச் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து, இருவரையும் வீட்டில் விட ஆட்டோவைக் கூப்பிட்டேன். மணிமொழி என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ போண்ணா. அவர நடிக்கறாருன்னு நீ சொன்ன, நான் நம்பினேன். என் தப்ப நான் கூடவே இருந்து தீத்துக்கறேன். நீ இனிமே எங்க வீட்டுப் படி ஏறாத."