ஆதாரம்: திரௌபதி, மரக்காணம்

என் தங்கை சூர்யகலா என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் மரக்காணத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது. ஏதோ வரி சம்பந்தப்பட்டது என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். அதனால் அவள் லீவில் வந்தால் போதும், பான் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது, வீட்டு வரி ரசீது தொலைந்துவிட்டது என்று வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். ஒரு தடவை பக்கத்துக் கூனிமேட்டிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் ஜி.எஸ்.டி. நோட்டீஸோடு பைக்கில் வந்து இறங்கினார். அவளும் முகம் சுளிக்காமல் முடிந்ததைச் செய்துகொடுப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். வசதி குறைந்த நாடுகளின் வரித்துறைகளுக்கு அவர்கள் உதவுகிறார்கள். ஈ.சி.ஆர். சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிற எனக்கு அவள் புரியவைத்த அளவில் சொல்கிறேன். ஒரு நாடு எப்போதும் அடுத்தவனிடம் கையேந்திக்கொண்டே இருக்க முடியாது. தன் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தன் வரியிலிருந்தே செலவு செய்ய வேண்டும். யாரிடம் வரி வாங்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்பதைச் சட்டமாக எழுத அந்த நாட்டு அதிகாரிகளோடு உட்காருவதுதான் இவள் வேலை. திண்டிவனத்தில் பி.காம்., சென்னையில் பொருளாதாரம் என்று படித்து, இருபத்தொன்பது வயதில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து அந்த மாதிரி வேலைக்குப் போனது அவள் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் வருகிறது என்றால் வந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அவளோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவனும் நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அவள் ஆபீஸ் ஆட்கள் புதுச்சேரிக்கு டூர் போனார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் வேன் பஞ்சர். இந்தப் பக்கம் பஞ்சரானால் எங்கே வருவார்கள்? என் கடைக்குத்தான் வந்தார்கள். வேனுக்குள் ஜன்னல் ஓரமாக என் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்தேன். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். டயரைக் கழற்றி, ஒட்டி, மாட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அந்த ஒரு செருப்பு வாரைத்தான் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ராத்திரி போன் பண்ணி அழுதாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று யாரோ கேட்க, உப்புத் தொழில் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் உப்பள முதலாளி என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் மறுக்கவில்லை. அம்மா திரௌபதி உப்பளத்தில் கூலிக்குச் சுமப்பவள் என்பதை அப்புறம் சொல்லவே முடியாமல் போய்விட்டது. எனக்கு என்னைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தம் இல்லை. அப்பா போன பிறகு எங்களைக் கரை சேர்த்தது அம்மாவின் தலைச்சுமைதான். அதை மறைத்தாள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த வருஷம் சித்திரையில், ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முகமே சரியில்லை. கொடுத்த இட்லியைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். மேலேயிருந்து சாட்டிலைட் எடுத்த படம். கடலோரத்தில் கட்டம் கட்டமாகப் பாத்திகள். நம்ம ஊர்தானே என்றேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நாடு என்றாள். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அதனால் சொல்லவில்லை.

அந்தக் கரையில் பெண்கள் சின்னச் சின்னப் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய கம்பெனியும் விளைவிக்கிறது. உப்புக்கு வரி போடச் சட்டம் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஆலோசகர்கள் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: படத்தில் தெரியும் பாத்திகளை எண்ணு, பாத்திக்கு இவ்வளவு என்று வரி போடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரக்காணத்தில் பிறந்த எவனும் சிரிப்பான். பாத்தியெல்லாம் உப்புப் பாத்தியா? கடல் தண்ணீரை முதலில் ஒரு பாத்தியில் தேக்கி, அடுத்ததில் காயவிட்டு, அடுத்ததில் இன்னும் காயவிட்டு, கடைசிப் பாத்திக்கு வரும்போதுதான் உப்பு இறங்கும். ஐந்து பாத்தி இருந்தால் உப்பு வாருவது ஒன்றில். மற்ற நாலும் வெறும் தண்ணீர். அந்தப் பெண்களுக்கு ஐந்து மடங்கு வரி. கம்பெனிக்கோ ஒவ்வொரு பாத்தியும் எங்கள் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரியது, எண்ணிக்கையில் நாற்பதைத் தாண்டாது. அவனுக்கு வரி வந்த இடமே தெரியாது.

"இதுல இன்னொண்ணு இருக்குதுண்ணா" என்றாள். பெண்கள் சொல்லும் விளைச்சல் பாத்திக் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஆகவே அவர்கள் உப்பை ஒளித்துவைத்துப் பொய் சொல்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தார்களாம்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"படத்தைப் பார்த்த அன்னைக்கே. மூணு வாரம் ஆச்சு."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த?"

இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். அவர்கள் ஆபீஸில் ஒரு வாக்கியம் எழுதினாலும் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். புத்தகத்தில் தேடினாள்; இருப்பதெல்லாம் பெரிய கம்பெனி உப்பளங்களைப் பற்றித்தான். வரும் வியாழக்கிழமை அறிக்கை அந்த நாட்டு நிதி அமைச்சகத்துக்குப் போகிறது. போய்விட்டால் மாற்ற முடியாது.

எனக்கு ஆறு மாதக் கோபமும் சேர்ந்து வந்தது. அம்மா உப்பளத்திலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட நினைவில்லை. பெற்றவளைச் சொல்ல வெட்கப்பட்டு அங்கே நூறு பெண்களின் வாயில் மண்ணைப் போடப் போகிறாயா என்று கத்திவிட்டேன்.

அம்மா உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். செருப்பு வார் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஈரக்காலோடு உட்கார்ந்து படத்தை வெகுநேரம் பார்த்தாள். அங்கேயும் பெண்கள் தலையில்தான் சுமக்கிறார்களா என்று விசாரித்தாள். ஆமாம் என்றாள் சூர்யகலா.

"என் பேரைச் சொல்ல உனக்கு வெக்கமா இருந்தா சொல்லாத பாப்பா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா பாடுபடுறவளைப் பொய்க்காரின்னு எழுதி வச்சிருக்கான். அதுக்கு நீயும் கையெழுத்துப் போடுவியா?"

திட்டியிருந்தால்கூட சூர்யகலா தாங்கியிருப்பாள். அன்று மதியமே சென்னை பஸ் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை ஆன்லைனில் கூட்டம். அங்கே நடந்ததை அவளே போனில் சொன்னாள். இருபது வருஷ அனுபவமுள்ள ஆலோசகர், மரியாதையாகத்தான், இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்.

"எங்கம்மா உப்பளத்துல கூலி வேலை செய்றாங்க, லீவு நாள்ல நானும் போய் வாரியிருக்கேன், அதான் ஆதாரம்னு சொல்லிட்டேண்ணா. வேன்ல வந்தவங்க எல்லாரும் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க."

அந்த நாட்டு வரி அதிகாரி ஃபாத்து என்ற பெண்தான் முதலில் பேசினார். அடுத்த நாள் தானே கரைக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்; சொன்னபடி போனார். ஒரு பெண்ணுடைய பாத்திகளை வரப்பில் நடந்து போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். மொத்தம் இருபத்துமூன்று பாத்தி. உப்பு இருந்தது நாலில்.

வியாழக்கிழமை போக வேண்டிய அறிக்கை போகவில்லை. புதிதாக எழுத இரண்டு மாதம் ஆனது. இப்போது அங்கே வரி பாத்திக்கு இல்லை, எடை போட்டு வெளியே போகும் உப்புக்கு. சின்ன அளவில் விளைவிக்கும் பெண்களுக்கு வரியே கிடையாது. கம்பெனி லாரிக்கு லாரி கட்டுகிறது. பொய் சொல்கிறார்கள் என்ற வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அவள் ஆபீஸ் வேன் மறுபடி என் கடை முன்னால் நின்றது. டயரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதலில் இறங்கியவள் சூர்யகலா. கிரீஸ் கையோடு நின்ற என்னைப் பிடித்து, இவர்தான் என் அண்ணன் என்று ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்தாள். எனக்கு ஆங்கிலம் வராது; எல்லோருக்கும் டீ சொன்னேன்.

பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். அறிக்கையை அச்சடித்த புத்தகத்தை அவள் அம்மாவின் கையில் கொடுத்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், பாத்திகளைப் பற்றிய பத்திக்குக் கீழே, பொடி எழுத்தில் ஆதாரம் போட்டிருந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: திரௌபதி, உப்பளத் தொழிலாளி, மரக்காணம். இருபத்தெட்டு ஆண்டு அனுபவம்.

அம்மா ஒரு கணம் விரல் விட்டு எண்ணினாள்.

"தப்பா போட்டிருக்குது. முப்பத்தொண்ணு."

"நான் பொறந்து மூணு வருஷம் நீ வேலைக்குப் போயிருக்க மாட்டியேம்மா. அதைக் கழிச்சிட்டேன்."

"யாரு சொன்னா? மூணாம் மாசமே உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டேன். உப்புக் குவியலை மூடுற தென்னங்கீத்து நிழல்ல உன்னைப் படுக்க வச்சிட்டு, நான் சுமந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சூர்யகலா அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஆபீசுக்கு மெயில் அனுப்பினாள். அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் இருக்கும் அறிக்கையில் மறுநாளே முப்பத்தொன்று என்று திருத்திவிட்டார்கள். கடையில் வேலை இல்லாதபோது நான் போனில் அந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.