தென்கரைச் சாஸ்தாவும் வடகரைப் பொங்கலும்

சென்ற ஆண்டு பங்குனி உத்திரத்தன்று, என்னைப் பெற்ற தாயை இன்னொரு குடும்பத்தின் குலசாமி கோவிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பானை பொங்கும்வரை அந்தச் சாமியின் பெருமைகளை உறவினர்களுக்கு எடுத்துரைத்தவன் நான். அன்று வேனில் வந்தவர்களும் அம்மாவின் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளப் போகிறார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

அம்மா சோழபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், கண்மாய்ப் பாசனத்தை நம்பிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டார். அக்காவும் நானும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அதன்பின் அம்மா தினமும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி, பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்து எங்களைப் படிக்கவைத்தார். ஊரார் காயங்களுக்கெல்லாம் கட்டுப் போட்ட கைகள் என்று எழுத எனக்கு ஆசைதான். அம்மா இருந்திருந்தால், "கட்டுப் போட்டது நர்சு. நான் மடிச்சேன், அம்புட்டுத்தான்" என்று திருத்தியிருப்பார்.

பங்குனி உத்திரம் தெய்வத் திருமணங்களுக்கு உரிய நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று ஆண்டாள் திருக்கல்யாணம். எங்கள் தென்பகுதியில் அந்த நாளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. எங்கே பிழைத்தாலும் அன்று அவரவர் குலத்துச் சாஸ்தாவைத் தேடிப்போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். கழுத்தில் தாலி ஏறியதும் சாமியும் மாறிவிடும். பிறந்த வீட்டுச் சாஸ்தாவுக்கும் புகுந்த வீட்டுச் சாஸ்தாவுக்கும் ஒரே நாளில்தான் விசேஷம் என்பதால், பழைய சாமியை எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

அம்மா ஆண்டு தவறாமல் அப்பா வழிச் சாஸ்தாவுக்கு மலையடிவாரத்தில் பொங்கல் வைத்துவிட்டு, திரும்பி வந்து திருக்கல்யாணக் கூட்டத்தில் நிற்பார். ஒருமுறை அங்கே நின்றபடி சொன்னார்: "ஆண்டாள் கெட்டிக்காரி. மாப்பிள்ளையத் தன் ஊருக்கே வரவச்சு உக்கார வச்சிட்டா. நமக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல." அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அதை மறந்துபோனேன்.

சென்ற ஆண்டு மாசியில், அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது, இனி அலைச்சல் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை அம்மா என்னிடம், "ஏய்யா, எங்க பொறந்த வீட்டுச் சாமிய ஒருக்காப் பாத்துட்டு வந்துரலாமா?" என்றார். அம்மாவிடமிருந்து எனக்கு உத்தரவுகள் ஏராளமாக வந்திருக்கின்றன. கேள்வியாக வந்தது அது ஒன்றுதான்.

அப்பா வழிச் சாமியைச் சித்தப்பா கவனித்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. தாய்மாமா போனில், "கோவில் கண்மாய்க் கரையிலதான் மாப்ள. இங்க வந்து யார்ட்டக் கேட்டாலும் சொல்லுவாவ" என்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. போன் காட்டிய வழியில் வேனை விட்டேன். கண்மாய்க் கரையில் சாஸ்தா கோவில், வாசலில் குதிரைச் சிலை, வரிசையாகப் பொங்கல் பானைகள். வேறென்ன வேண்டும்? மாமாவைத்தான் காணோம். போனில் சிக்னல் இல்லை. வந்துவிடுவார் என்று அக்காவை அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டு, சாஸ்தா ஏன் நீர்நிலை ஓரத்தில் அமர்கிறார் என்று விளக்க ஆரம்பித்தேன். நான் கல்லூரியில் பாடம் நடத்துபவன். மணி அடிக்காத இடத்தில் எனக்கு நிறுத்தத் தெரியாது.

பானை பொங்கியது. குலவை ஓய்ந்தபின் ஒரு பெரியவர் வந்து, "நீங்க எந்த வகையறா?" என்று கேட்டார். அம்மாவின் தாத்தா பெயரைப் பெருமையோடு சொன்னேன்.

"அவிய சாமி தெக்குக் கரையிலல்ல இருக்கு. இது வடக்குக் கரை. எங்க சாமி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அமைதியாக, "எறங்கும்போதே தெரியும். எங்க சாமிக்கு ரெட்டைக் குதிரை. இங்க ஒத்தக் குதிரையில்ல நிக்குது" என்றார்.

"பொறவு ஏம்மா சொல்லல?"

"நீ பேசிக்கிட்டே இருந்த. நடுவுல எப்படிய்யா சொல்ல?"

பெரியவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். "உச்சிப்பூசை முடிஞ்சா அங்க நடையச் சாத்திருவாவ. வேன் சுத்தித்தான் போகணும், நேரம் பத்தாது. தாயி, என் வண்டில ஏறுங்க. கரை மேலயே போயிரலாம்."

"நான் வண்டில ஒக்காந்து பழக்கம் இல்லியே."

"எனக்கும் ஆள் வச்சு ஓட்டிப் பழக்கம் இல்ல. சாமி பாத்துக்கிடும்."

அப்படித்தான் என் தாயார், முன்பின் அறியாத ஒருவருடைய மொபெட்டில் ஒருபக்கமாக அமர்ந்து, தன் பிறந்த வீட்டுச் சாமியைப் பார்க்கப் போனார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. பாதிக் கரையிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை முடிந்து, கற்பூரமும் அணைந்திருந்தது. அம்மா வரும்வரை நடை சாத்தவிடாமல் மாமா பூசாரியைப் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்திருக்கிறார். பேச்சு இப்படியும் சில சமயம் பயன்படும். அம்மா இரட்டைக் குதிரைகளில் ஒன்றின் காலைப் பிடித்தபடி நின்றார். சாமியிடம் என்ன கேட்டார் என்று மாமாவிடம் விசாரித்தேன். "ஒண்ணும் கேக்கல மாப்ள. 'வந்துட்டேன்'னு சொன்னா. அம்புட்டுத்தான்" என்றார்.

அந்த ஆடியில் ஒரு காலை, காபியைப் பாதி குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்று டம்ளரைக் கீழே வைத்த அம்மா, அப்படியே சாய்ந்து கண்மூடினார். துக்க வருஷம் என்பதால் இந்தப் பங்குனியில் எந்தக் கரையிலும் நாங்கள் பானை வைக்கவில்லை. வடகரைப் பெரியவர் மட்டும் தங்கள் சாமியின் திருநீற்றைக் கொண்டுவந்து அம்மா படத்தின் முன் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கும், தாய்மாமாவுக்கும், மருத்துவமனையில் அம்மாவின் அதட்டலைப் பொறுத்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், அம்மாவோடு துணி மடித்து, கடைசி நாளில் வேலையை விட்டு ஓடிவந்த பெண்களுக்கும், முதலாண்டு நினைவு நாளான இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மாவப் பத்தி எழுதச் சொன்னா, இதுலயும் முழுக்க நீதான் பேசிக்கிட்டிருக்க. அவிய நடுவுல எப்படிலே சொல்ல?"