மஞ்சள் போட்ட கறி

ஹெப்படைட்டிஸ் பி கிருமி என் ஈரலைத் தின்று தீர்த்தபோது, தம்பி தன் ஈரலில் ஒரு பங்கைத் தந்தான். என் கண்கள் மஞ்சளான நாளிலிருந்தே மனைவி கறிக்கு மஞ்சள் போடுவதில்லை. போட்டால் காமாலை கூடுமாம். ஊரே அப்படித்தான் சொல்லும். ஈரல் மாற்றிய பிறகும் அதே வெளிறிய கறி. எனக்கு வெறுத்தே போயிற்று.

சென்ற கிழமை கொழும்பில், இரத்தத்தில் கிருமி தெரியவில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார் மருத்துவர்.

"அப்ப கறிக்கு மஞ்சள் போடலாமோ, டொக்டர்?" என்றாள் மனைவி.

"தாராளமாப் போடுங்கோ."

எங்கள் ஊர் நானாட்டானுக்குத் திரும்பியதும் வங்காலைக் கடல் மீனில் குழம்பு வைத்தாள். தம்பியும் வந்து சாப்பிட்டான். கை கழுவியும் என் விரல் நுனியில் மஞ்சள் போகவில்லை. பழக்கதோஷத்தில் கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.