பஸ்மினா ராத்தா இன்னும் பார்த்து முடிக்கவில்லை

அடுப்பில் கணவாய்க் கறி கொதிக்கிறது. பஸ்மினா குசினிப் படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு முஸ்பிறாவின் போனில் நெல் விதைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தட்டு, வயல் பச்சையாகிறது. இன்னொரு தட்டு, கதிர் முற்றிவிடுகிறது. முஸ்பிறா தீர்ப்புக்காகக் காத்து நிற்கிறாள்.

"வரம்பும் வாய்க்காலும் வடிவாத்தான் கீறி வெச்சிரிக்கானுகள். ஆனா தண்ணிக்குச் சண்டையும் இல்ல, யானையும் வரல்ல. இதென்ன வெள்ளாம?"

சாய்ந்தமருதில் இந்த ஒழுங்கையில் குடியிருக்கும் தாய்மார், பிள்ளைக்கு எந்தக் கேமைக் கொடுக்கலாம் என்று கேட்டு வருவது இவளிடம்தான். வயது நாற்பது, வீட்டில் இருந்தபடி மருதமுனைக் கைத்தறிச் சாரன் விற்கிறாள். கேள்விப்பட்டதை வைத்து எதையும் சொல்லமாட்டாள், தானே விளையாடிப் பார்ப்பாள். அதற்கும் ஒரு மணித்தியாலம் போதும். கறி இறங்கும்போது தீர்ப்பும் வந்துவிடும்.

கார் மதிலில் மோதியும் ஒரு கீறல் விழாவிட்டால் அது அவளுக்குக் கள்ளக் கேம். "பிழ விட்டா கொஞ்சமாவது நோகணும்." கிரிக்கெட்டில் வேகப்பந்துக்கு முழுப் புள்ளி கொடுப்பாள், சுழற்பந்து சுழலவில்லை என்று பாதியைப் பிடுங்கிக்கொள்வாள். துப்பாக்கிக் கேம்களை ஊர் இரத்தத்துக்காக ஏசும். அவளுக்கு அவற்றில் பிடிக்காதது வேறு. "பாங்கு சொல்லுது எழும்பு எண்டா, ஏலா உம்மா, மத்த ஆக்கள் காத்துட்டு நிக்காங்க எண்டு சொல்றானுகள். நிப்பாட்ட ஏலாத கேம் என்ன கேம்?" சார்ஜ் இறங்கி அணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் வேண்டும். இந்த இரண்டிலும் தேறியவை கொஞ்சம்தான்.

இந்தக் கறாரெல்லாம் உள்ளறையில் படித்தது. தொண்ணூற்றேழில் வாப்பா ஒரு டீவி கேம் வாங்கி வந்தார். கசெட்டில் ஆயிரம் கேம் என்று எழுதியிருந்தது. பார்த்தால் பதினாறுதான், மிச்சமெல்லாம் அதே பதினாறுக்கு வேறு வேறு பெயர். அதில் இரண்டு பேர் சேர்ந்து காட்டுக்குள் சுட்டுக்கொண்டே போகும் கேம் ஒன்று. அவளுக்குப் பன்னிரண்டு, தம்பி நளீமுக்கு ஒன்பது. அதன் குறைகளை இன்றும் ஒப்புவிப்பாள்: மனிதருக்கு முகமில்லை, மரமெல்லாம் ஒரே மரம், பாட்டு காதைத் துளைக்கும். ஆனால் ஒருவருக்கு உயிர் முடிந்துபோனால் கூட ஆடுபவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நளீம் முதல் பாலத்திலேயே தன்னுடைய மூன்றையும் தொலைத்துவிட்டு, "ராத்தா, ஒண்டு எடுக்கன்" என்பான். கேட்கும்போதே எடுத்தும் இருப்பான். இதைச் சொல்லும்போது பஸ்மினாவின் குரல் தணிந்துவிடும். அந்த நாட்கள் அவளுக்கு இன்னும் வேண்டும்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நளீம் அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். பெருநாளைக்கு வருவான், வாசல் கதிரையில் விருந்தாளிபோல இருந்து பிளேன்டீ குடிப்பான், போய்விடுவான். பிறந்த வீட்டில் தம்பி கூச்சப்பட்டு இருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. அவனை எப்படி உள்ளே வரவழைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நளீம் தன் மகள் றிபாவின் டெப் கணினியுடன் வந்தான். பாழடைந்த மாளிகையில் அறை அறையாகச் சாவி தேடும் கேம். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ராத்தா பார்த்துச் சொல்லவேண்டும். பஸ்மினா ஐந்து நிமிடம் ஆடினாள். பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

"இத கெதியாச் சொல்ல ஏலா. வெச்சிட்டுப் போ, வார வெள்ளிக்கிழம வா," என்றாள்.

அடுத்த வெள்ளியும் தீர்ப்பு வரவில்லை.

"றிபா ஏசுறா ராத்தா. எத்தினையாவது அறையில நிக்கிறீங்க?"

"அஞ்சாவது. கதவு திறக்குதே இல்ல."

நளீம் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தான். மூன்றாம் வெள்ளி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததோ என்னவோ, உள்ளறைக்கு வந்து பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "அந்தப் படத்துக்குப் பின்னால பாருங்க. அதில்ல, இடப்பக்கம்." ஒன்பதாவது அறைக்குப் போன நேரம் பின்னேர அஸருக்குப் பாங்கு சொன்னது. சோறு தின்றுவிட்டுத்தான் போனான்.

நாற்பது அறைகளையும் அவள் முதல் வாரம் செவ்வாய்க்கிழமையே முடித்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்து, திரும்ப ஐந்தாவது வரை மட்டும் போய் நிறுத்தி வைத்தாள்.

இன்று நாலாவது வெள்ளி. நளீம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் கதிரையைத் தாண்டி நேரே உள்ளறைக்கு வருகிறான்.

"திறந்திட்டீங்களா?"

"இல்ல. நீயே பாரு."

அவன் பாயில் உட்கார்ந்து, ஒன்பதாவது அறையை உற்றுப் பார்க்கிறான்.

"மணிக்கூட்டுக்குள்ள இரிக்கும் எண்டு நினைக்கன் ராத்தா."

சாவி மணிக்கூட்டுக்குள்தான் இருக்கிறது. பஸ்மினா விரலைக் கொண்டுபோய், டெப்பில் அந்த அறையின் யன்னல் சீலையைத் தட்டுகிறாள்.